கைராசியை விடுங்கள், கையை நம்புங்கள்

“எனக்குக் கைராசி இல்லைங்க.”

சிங்கப்பூரின் செம்பவாங்கில் எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று செடி வளர்க்கும் பேச்சை எடுத்தாலும் முதலில் வந்து விழுவது இந்தப் பதில்தான். துளசி கருகிப்போனால் கைராசி இல்லை. கறிவேப்பிலை துளிர்க்காவிட்டால் கைராசி இல்லை. அந்தச் சொல் பூந்தொட்டியோடு நின்றாலாவது பரவாயில்லை. மெல்ல மெல்ல அது வீட்டுக்குள் வருகிறது. சிறுதொழில் நட்டப்பட்டால் ராசியில்லை. கேட்ட வேலை கிடைக்காவிட்டால் ராசியில்லை. நாற்பது வயதில் புதிதாக ஒன்றைப் படிக்க ஆசை வந்தால், “அதுக்கெல்லாம் ஒரு ராசி வேணும், நமக்கெதுக்கு?”

போதும்! எந்த விதையும் உங்கள் உள்ளங்கை ரேகையைப் பார்த்து முளைப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஈரம், காற்று, வெப்பம், சில விதைகளுக்குக் கொஞ்சம் வெளிச்சம். இவற்றைக் கொடுத்தால் முளைக்கும். கொடுக்காவிட்டால் மகாராஜாவே விதைத்தாலும் முளைக்காது. செடி செத்ததற்குக் காரணம் உண்டு. தொட்டியின் அடியில் துளை இல்லாமல் இருந்திருக்கும். வெயில் போதாமல் இருந்திருக்கும். இந்த ஊருக்கே ஒத்துவராத விதையாக இருந்திருக்கும். அதைத் தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு, பழியைத் தூக்கி ரேகைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். தேடினால் திருத்திக்கொள்ளலாம். ராசி என்று சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ரோஜா வேண்டாம், ஆர்க்கிட் வேண்டாம். ஒரு நீளத்தொட்டியில் காட்டுப்பூக்களை விதைத்து வளர்த்துக் காட்டுங்கள். யாரும் உரம் போடாமல், பூச்சிமருந்து அடிக்காமல், பெயர்கூடக் கேட்காமல் சாலையோரத்தில் பூத்து நிற்கும் நம் வெப்பமண்டலத்துப் பூக்கள். அவற்றின் விதைகளை நீங்களே கலந்து, நீங்களே தூவி, பூக்க வையுங்கள். பூத்த பிறகு உங்கள் வாயிலிருந்து கைராசி என்ற பேச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

“காட்டுப்பூவா? களைதானே அது?” என்று முகம் சுளிக்கிறீர்களா? அப்படியானால் நம் முன்னோர் எந்தப் பூவுக்கு என்ன மரியாதை கொடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிரியை நேருக்கு நேர் சந்திக்கக் களத்தில் இறங்கும் வீரன் சூடியது தும்பை. தாமரையைச் சூடவில்லை, மல்லிகையைச் சூடவில்லை. வரப்போரத்திலும் குப்பைமேட்டிலும் முளைக்கும், நகக்கண் அளவுகூட இல்லாத வெள்ளைப் பூ அது. அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் உயிரைப் பணயம் வைக்கப் போனான். ஆநிரை கவரப் போகிறவனுக்கு வெட்சி. சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடங்களின் ஓரமெல்லாம் வேலிச்செடியாகச் சிவந்து நிற்கிறதே இட்லிப்பூ, அந்த வெட்சிக் குடும்பம்தான். மதிலைக் காத்து நிற்கிறவனுக்கு நொச்சி. ஒரு சமூகம் தன் வீரத்துக்கு அடையாளம் தேடியபோது அரண்மனைத் தோட்டத்துக்குப் போகவில்லை, வழியோரத்தில் குனிந்து பறித்தது. அந்தத் துணிவு நமக்கு எங்கே போயிற்று?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். தலைவியும் தோழியும் மலைச்சாரலில் திரிந்து பறித்துப் பாறையில் குவித்த பூக்கள். அவற்றில் தும்பை உண்டு, துளசி உண்டு. செருவிளை, கருவிளை என்று வெள்ளைச் சங்குப்பூவுக்கும் நீலச் சங்குப்பூவுக்கும் தனித்தனி இடம் உண்டு. இன்று வெளிநாடுகளில் ஒரு வட்டாரத்தின் காட்டுப்பூ விதைகளைக் கலந்து பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அந்தந்த மண்ணின் பூவை அந்தந்த மண்ணோடு சேர்த்துப் பார்க்கும் கண் நமக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. நிலங்களுக்கே பூக்களின் பெயரை வைத்தவர்கள் நாம். அந்த மரபின் வாரிசு “எனக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது” என்று கையைப் பிசையலாமா?

அந்த வெளிநாட்டுப் பொட்டலங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் விழுகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்காவின் பூவெளியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலைகள் நின்று மாசுபட்டுக் கிடந்த கிழக்கு லண்டன் நிலத்தை ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் நைஜல் டன்னெட்டும் ஜேம்ஸ் ஹிட்ச்மௌவும் பொன்னிறப் பூவெளியாக மாற்றினார்கள். போட்டி தொடங்கும் நாளுக்குப் பூக்க வேண்டும் என்று முன்கூட்டியே சோதனை விதைப்பு செய்து நாள் குறித்தார்கள். மகத்தான வேலை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து மயங்கி, பாப்பியும் கார்ன்ஃபிளவரும் கலந்த பொட்டலத்தை இணையத்தில் வாங்கிச் செம்பவாங்கில் விதைத்தால் என்ன ஆகும்? அவை குளிர்ந்த வசந்தத்தையும், நாள்தோறும் நீளும் பகலையும் நம்பி வாழும் செடிகள். இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். இரவில்கூட வெப்பம் பெரும்பாலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். முளைத்தாலும் நெடுநெடுவென்று வெளிறி வளர்ந்து, ஒரு வாரம் விடாது பெய்த மழையில் அழுகிப்போகும். உடனே நீங்கள் சொல்வீர்கள், “பார்த்தீர்களா, எனக்கு ராசி இல்லை!”

உங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை. வேறொருவர் மண்ணுக்கு எழுதப்பட்ட விதையை நீங்கள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வாழ்க்கையிலும் பாதிப் பேருக்கு இதுதான் நடக்கிறது. அண்ணன் மகன் எடுத்த படிப்பு, தோழி தொடங்கிய வியாபாரம், யாரோ ஒருவர் காணொளியில் காட்டிய காலை அட்டவணை. அது அவர்கள் வெயிலில், அவர்கள் மழையில் பூத்தது. உங்கள் வெயில் எது, உங்கள் மழை எது என்று கேட்காமல் அதை அப்படியே கொண்டுவந்து நட்டு, வாடியதும் உங்களையே தூற்றிக்கொள்கிறீர்கள். தன்னம்பிக்கை என்றால் எதை வேண்டுமானாலும் சாதிப்பேன் என்று மார்தட்டுவது என நினைக்காதீர்கள். நான் எங்கே நிற்கிறேன், இங்கே எது வளரும் என்று கண் திறந்து பார்த்துவிட்டு, அதில் முழுமூச்சாக இறங்குவதுதான் எனக்குத் தெரிந்த தன்னம்பிக்கை.

நீங்கள் நிற்கும் இடம் சாதாரண இடமா? செம்பவாங் என்ற பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது. அந்த மரத்தைச் செம்பவாங் பூங்காவில் இன்றும் போய்ப் பார்க்கலாம். பிரிட்டிஷார் இந்த வட்டாரத்தைக் கடற்படைத் தளமாக்கி, 1938-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் மாபெரும் உலர்துறையைத் திறந்தார்கள். அந்தத் தளத்தில் கூலியாக, கொத்தனாராக, கம்மியராக, எழுத்தராக வேலைபார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக அறிவித்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணையும் நிலை. போர்க்கப்பல் பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்கு இனி வேலை இல்லை என்று ஊரே பேசியது. என்ன நடந்தது? அதே ஆண்டு அந்தத் துறை வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் தளமாக மாறியது. அதே கைகள் எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் செப்பனிடக் கற்றுக்கொண்டன. ராசி பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

அந்தத் தொழிலாளர்கள்தான் 1960-களில் கேன்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் முருகனை வழிபடத் தொடங்கினார்கள். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை, சொந்த நிலம் இல்லை. ஒரு மரமும் ஒரு நம்பிக்கையும் இருந்தன. இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் நிற்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அங்கிருந்து வந்தது. பங்குனி உத்திரத்தன்று அங்கே காவடி எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு சிறிய தொடக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று. உங்களுக்கு ஒரு பூந்தொட்டி தொடங்கத் தயக்கமா?

அடுத்த சாக்கு தயாராக இருக்கிறது, எனக்குத் தெரியும். “இடம் எங்கே இருக்கு?”

இந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறோம். யாருக்கும் கொல்லை கிடையாது. உங்களிடம் காரிடாரில் கைப்பிடிச் சுவரின் உள்பக்கமாக ஓர் ஓரம் இருக்கும், இல்லையென்றால் வெயில் விழும் ஒரு சன்னலோரம் இருக்கும். அது போதும். நடப்பவர்களுக்கு 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பது விதி. அளந்து பாருங்கள். தொட்டியைச் சுவருக்கு மேலேயோ வெளிப்புறமாகவோ வைக்காதீர்கள். கீழே ஒருவர் தலையில் விழுந்தால் பூவும் வேண்டாம், புண்ணியமும் வேண்டாம்.

வெயிலைப் பற்றிப் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் ஏறத்தாழ மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகலில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தும் போகிறது. உங்கள் காரிடார் வடக்கு பார்த்ததென்றால் ஏப்ரலில் விதையுங்கள். தெற்கு பார்த்ததென்றால் அக்டோபரில். கிழக்கோ மேற்கோ பார்த்ததென்றால் உங்களுக்கு ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில், எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். “என் வீட்டுக்கு வெயிலே வராது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்காதவர்கள். விடுமுறை நாளில் காலை முதல் மாலைவரை மணிக்கொரு தடவை வெளியே வந்து, வெயில் எந்த இடத்தில் விழுகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கைராசிக்காரர் என்று ஊர் புகழ்கிற ஆட்களிடம் இருப்பது இந்தப் பழக்கம்தான். அவர்கள் பார்க்கிறார்கள்.

விதைக்கு எங்கே போவது? தேக்காவுக்குப் போங்கள். சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் ஃபலூடாவுக்கு வாங்குவீர்களே சப்ஜா விதை, அது திருநீற்றுப் பச்சிலையின் விதைதான். ஒரு பொட்டலத்தில் ஒரு தோட்டமே இருக்கிறது. தோல் நீக்காத கறுப்பு எள் வாங்குங்கள். எள்ளுப்பூவின் மென்மையான வெளிர்சிவப்பைப் பார்க்காமலேயே எத்தனை தமிழர்கள் எள்ளுருண்டை தின்று வளர்ந்துவிட்டோம்! காசித்தும்பை விதை செடி விற்கும் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். சங்குப்பூ விதையைக் கேட்டால் சமூகத் தோட்டத்தில் யாராவது கைநிறையக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தைக் கேட்டால் இன்னும் நல்லது, நாசி கெராபுச் சோற்றுக்கு நீலம் ஏற்ற அவர்கள் அதை வளர்ப்பது வழக்கம். கிலுகிலுப்பை கிடைத்தால் சேருங்கள். மஞ்சள் பூ, வரிப்புலி வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் மொய்க்கும் செடி. அதன் விதை நஞ்சு, வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் குழந்தை இருந்தால் அது வேண்டாம். பொதுப் பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் கை வைக்காதீர்கள். அங்கே பறிப்பது சட்டப்படி குற்றம். ஊரிலிருந்து விதை கொண்டுவருவதாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்போது சங்குப்பூ விதையை ஒன்று கையில் எடுங்கள். மிளகைவிடச் சற்றுப் பெரியது, பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி விழுந்து, தட்டினால் கல்போல ஒலிக்கும். அப்படியே மண்ணில் போட்டால் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஈரம் சுற்றிலும் நிறைந்திருக்கும், ஒரு சொட்டு உள்ளே போகாது. அதன் தோல் அவ்வளவு இறுக்கம். உப்புத்தாளில் ஒரு பக்கத்தை நாலு தேய் தேயுங்கள், அல்லது நகவெட்டியால் ஓரத்தில் மெல்லிய கீறல் போடுங்கள். தழும்பு போன்ற கண்ணிருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், முளை அந்தப் பக்கம் இருக்கிறது. இரவில் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காலையில் பார்த்தால் கீறல் பட்டதெல்லாம் இருமடங்காக உப்பியிருக்கும். கீறல் படாதது நேற்று மாதிரியே கல்லாய்க் கிடக்கும். அடிபட்டுவிட்டேன், வேலை போய்விட்டது, நம்பியவர் ஏமாற்றிவிட்டார் என்று குமுறிக்கொண்டிருக்கிறவர்களே, அந்தக் கிண்ணத்தை ஒரு நிமிடம் பாருங்கள்! காயம் பட்ட இடம் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

மற்ற விதைகள் பொடி. அவற்றை அப்படியே தூவினால் ஒரே மூலையில் கொட்டிவிடும். அரைத் தேக்கரண்டி விதைக் கலவைக்கு ஐந்தாறு தேக்கரண்டி காய்ந்த மணலைச் சேர்த்துக் கையால் கலந்து, நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை தூவுங்கள். மேலே மண்ணைக் குவிக்காதீர்கள். பொடி விதைகள் பல வெளிச்சம் கேட்கும். உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, தெளிப்பானால் நனைத்து விடுங்கள். சங்கு விதையை மட்டும் விரல்நுனி ஆழத்துக்குத் தொட்டியின் ஓரத்தில் ஊன்றி, ஏறிப்போக ஒரு கயிறு கட்டுங்கள். முளை தெரியும்வரை மேல்மண் காயக்கூடாது. வேலையெல்லாம் கால் மணி நேரம்.

உரம்? இங்கேதான் காட்டுப்பூ நமக்குப் பெரிய பாடம் எடுக்கிறது. போடாதீர்கள். தொட்டிமண்ணோடு மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல் கலந்து மெலிந்த மண்ணாக்குங்கள். சத்து கொழுத்த மண்ணில் இந்தச் செடிகள் தழைதழையென்று இலையைத்தான் விரிக்கும், பூ வைக்க நாளாகும், முரட்டுச் செடி ஒன்று மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். மெலிந்த மண்ணில் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. சீக்கிரம் பூத்து விதை வைக்க வேண்டும் என்ற வேகம் செடிக்கு வருகிறது. வசதியான வீட்டில் பிறக்கவில்லையே, நல்ல பள்ளியில் படிக்கவில்லையே, அப்பா பெயரைச் சொன்னால் கதவு திறக்காதே என்று எத்தனை ஆண்டுகளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! இல்லாததை எண்ணுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் மெலிந்த மண் உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேகத்தை எண்ணுங்கள். குறைந்த சம்பளத்தில் மாதத்தை ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு வரவுசெலவு நிர்வாகத்தை எந்தக் கல்லூரி புதிதாகச் சொல்லிக்கொடுத்துவிடும்?

தண்ணீரில் கவனம் வேண்டும். தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கி வரும், தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதமும் விதிக்கும். தட்டே வைக்காமல் இருப்பது உத்தமம். வைத்தால் அதை மணலால் நிரப்பிவிடுங்கள். உங்கள் பூ அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலாக முடியக்கூடாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் காசித்தும்பையும் சங்கும் பூக்கத் தொடங்கும். பச்சிலை பூத்ததும் தேனீ வரும். வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீ ஒன்று சிங்கப்பூரில் உண்டு, பூவுக்குப் பூ தாவி ஓரிடத்தில் நிற்காமல் ரீங்கரிக்கும். பதினோராம் மாடிக்கு அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று நான் இன்றுவரை வியக்கிறேன்.

புழுவும் வரும். வரட்டும். புழுவைக் கண்டதும் மருந்தைத் தேடுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இடமிருந்து, தொடாமல் வளர்க்க முடியுமென்றால் ஓர் எருக்கஞ்செடி வையுங்கள். விநாயகர் சதுர்த்திக்குத் தேக்காவில் மாலையாகத் தொங்குமே, அந்த எருக்கு. பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதை மறக்காதீர்கள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட வண்ணத்துப்பூச்சிப் புழு அதன் இலையில் வந்து உட்காரும், முதுகில் மூன்று சோடிக் கொம்புகள். கூர்ந்து பாருங்கள். நேராகத் தின்னத் தொடங்காது. முதலில் இலை நரம்பைக் கடித்து வெட்டும். பால் அங்கே வடிந்துவிடும். பிறகு நரம்புக்கு அப்பால், பால் வற்றிய பகுதியில் போய் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். விரல் நீளம்கூட இல்லாத ஒரு புழு, தன்னை ஒட்டிக் கொன்றுவிடக்கூடிய பாலை எப்படிக் கையாள்வது என்று அறிந்திருக்கிறது. அதுவே அந்த நஞ்சில் கொஞ்சத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. அதன் மூளை கடுகளவுகூட இல்லை. உங்களுக்கு இருப்பதோ மனித மூளை! ஒரு மேலதிகாரியின் கடுஞ்சொல்லைத் தாண்டி வர வழி தெரியவில்லை என்கிறீர்களே!

இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் கதை எனக்கு உயிர். செம்மஞ்சள் நிறம், கறுப்புப் புள்ளிகள், ஆங்கிலத்தில் டானி கோஸ்டர் என்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது. வேகமாகப் பறக்கத் தெரியாது, தத்தித் தத்தித்தான் போகும். அது கிழக்கே தாய்லாந்துப் பக்கம் வந்தது, மலேசியா வந்தது, 2006-இல் சிங்கப்பூரில் முதன்முதலாகப் பதிவானது. அங்கேயும் நிற்கவில்லை. தீவு தீவாகக் கடந்து 2012-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் இறங்கிவிட்டது. ஒரே பூச்சி இத்தனை தூரம் பறக்கவில்லை. ஒரு தலைமுறை ஓரிடம்வரை வந்து முட்டையிட்டது, அடுத்த தலைமுறை அங்கிருந்து கிளம்பியது. வழிநெடுக அதற்குச் சோறு போட்டவை சிறுபூனைக்காலி போன்ற சாலையோரக் கொடிகள். நம் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்தார், அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார், நாம் எழுதப் படிக்கத் தெரிந்து அடுக்குமாடியில் உட்கார்ந்திருக்கிறோம். நம் பங்குத் தூரத்தை நாம் பறந்துவிட்டோமா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

எல்லா விதையும் முளைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அரைத் தேக்கரண்டி விதையில் பெரும்பகுதி காணாமல் போகும். எறும்பு தூக்கிப் போகும், மழை அடித்துப் போகும், புறா கிளறும், சில நாற்றுகள் அழுகும். காட்டுச்செடி இதையெல்லாம் கணக்கில் சேர்த்துத்தான் ஆயிரக்கணக்கில் விதை வைக்கிறது. ஒன்று தவறியதற்காகக் கடையை மூடுவதில்லை. கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977 ஜூன் 5-ஆம் தேதி நைரோபிப் பூங்கா ஒன்றில் ஏழு மரக்கன்றுகள் நட்டார். ஏழில் பெரும்பாலானவை பட்டுப்போயின. அவருடைய பசுமைப் பட்டை இயக்கத்தின் பெண்கள் பிறகு நட்ட மரங்கள் கோடிக்கணக்கில். 2004-இல் அமைதிக்கான நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. பட்டுப்போன கன்றுகளைப் பார்த்து “எனக்குக் கொடுத்து வைக்கவில்லை” என்று அந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தால்? முளைக்காத இடத்தில் மணலோடு கலந்து இன்னொரு கைப்பிடி தூவுங்கள். எந்த இடத்தில் எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு பழைய நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மூன்றாவது விதைப்பில் அந்தத் தொட்டியைப் பற்றி இந்த உலகத்தில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

பூத்து முடிந்ததும் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். காயட்டும். காசித்தும்பைக் காய் முற்றினால் தொட்டதும் வெடித்துச் சிதறும், அதற்கு முன்னால் ஒரு காகிதப்பையை அதன்மேல் கட்டிவிடுங்கள். பச்சிலைக் கதிர் பழுப்பானதும் உருவிக் கொட்டிப் புடையுங்கள். சங்குக் காய் காய்ந்து வைக்கோல் நிறமானதும் பறியுங்கள். அன்று உங்கள் கையில் இருப்பது கடைப்பொட்டலம் கிடையாது. செம்பவாங் வெயிலிலும் செம்பவாங் மழையிலும் தாக்குப்பிடித்துப் பூத்த செடிகளின் விதை.

அந்த விதையோடு கீழே இறங்குங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் கம்யூனிட்டி இன் புளூம் திட்டம் 2005-இலிருந்து நடக்கிறது. நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் அதில் உருவாகியிருக்கின்றன. தனியாக ஒரு பாத்தி வேண்டுமென்றால் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் மூன்று ஆண்டுக்கு வாடகைக்குக் கிடைக்கும் தோட்டப் பாத்திகளுக்கு விண்ணப்பிக்கலாம். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் அடுத்த தடவையும் போடுங்கள். உங்கள் வட்டார வசிப்போர் அமைப்பிடம் போய், “இந்தப் புளோக்கின் ஓரத்தில் வெயில் படுகிற இடம் சும்மா கிடக்கிறது. காட்டுப்பூப் பாத்தி போட எங்களுக்கு அனுமதி வாங்கித் தாருங்கள்” என்று கேளுங்கள். தமிழிலோ உடைந்த ஆங்கிலத்திலோ கேளுங்கள், ஆனால் நிமிர்ந்து நின்று கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பூத்த தொட்டியின் படம், எந்தச் செடி எவ்வளவு உயரம் வளரும் என்ற குறிப்பு, தண்ணீர் ஊற்ற முறைபோட்டுக்கொள்ள ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டார் நாலைந்து பேரின் பெயர், இவற்றை எடுத்துப் போங்கள். சீன மூதாட்டி ஒருவர், மலாய்ச் சிறுவன் ஒருவன், நம் வீட்டு அம்மா ஒருவர் என்று மூன்று வீட்டார் சேர்ந்து வந்து கேட்டால், தட்டிக்கழிக்க எவருக்கும் எளிதில் மனம் வராது. முடியாது என்றால் ஏன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் காரணத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த மாதம் மறுபடி போய் நில்லுங்கள். சப்ஜா பொட்டலத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுங்கள்.